பதினோராவது கோப்பு

நான் வேலை பார்த்த மருத்துவமனையில் இப்போது டேட்டாபேஸைக் கவனித்துக்கொள்பவர் பிரியா. போன மாதம் போன் செய்தார்.

"மேடம், பேக்கப் நேரம் கூடிக்கிட்டே போகுது. சாஃப்ட்வேர் கம்பெனிக்காரங்க, டேட்டா பெருசானா அப்படித்தான் இருக்கும்ங்கறாங்க. நீங்க ஒரு தடவை இதே மாதிரி ஒரு கேஸைக் கண்டுபிடிச்சீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அதை எழுதிக் குடுங்களேன், எங்க டீம்ல படிக்கிறோம்."

எழுதித் தருகிறேன் என்றேன். ஆனால் அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. கண்டுபிடிக்க விடாமல் செய்தவள் நான். ஆபீசில் கதை எப்படியோ மாறியிருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது நல்லது.

என் பெயர் ஸ்டெல்லா. பாலக்கரையில் பிறந்து வளர்ந்தவள். திருச்சியிலேயே கணிதம் படித்து, ஒன்றரை வருடம் கம்ப்யூட்டர் பயிற்சி எடுத்து, புத்தூரில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் டேட்டா என்ட்ரி வேலைக்குச் சேர்ந்தேன். நான் சேர்ந்தபோது அங்கே மூன்று கம்ப்யூட்டர்கள். முப்பது வருடம் கழித்து ஓய்வு பெறும்போது, ஒவ்வொரு வார்டிலும் எத்தனை என்று எனக்கே கணக்குத் தெரியாது. நடுவில் டேட்டாபேஸ் நிர்வாகம் கற்றுக்கொண்டேன். பாதி புத்தகத்தில் படித்தது, மீதி பயந்து பயந்து செய்து பார்த்தது.

எங்கள் டேட்டாபேஸில் எல்லாம் இருந்தது. நோயாளியின் பதிவு, ரத்தப் பரிசோதனை முடிவு, கொடுத்த மருந்து, வீட்டுக்குப் போகும்போது டாக்டர் எழுதித் தரும் டிஸ்சார்ஜ் சம்மரி. தினமும் எல்லாவற்றுக்கும் முழுதாக ஒரு நகல் எடுத்து டேப்பில் வைப்போம். அதுதான் பேக்கப். கையளவு கேசட் மாதிரி பதினான்கு டேப்புகள், ஒன்று முதல் பதினான்கு வரை எண் போட்டவை. நாளுக்கு ஒன்று. பதினான்கு முடிந்தால் மறுபடி ஒன்றாம் டேப், பழையதன் மேல் புதியது பதிவாகும். வேலை தானாக ராத்திரியில் ஓடி முடிந்துவிடும். காலையில் நான் வந்து லாகைப் பார்ப்பேன். லாக் என்பது எப்போது ஆரம்பித்தது, என்ன நடந்தது, எப்போது முடிந்தது என்று கம்ப்யூட்டரே எழுதி வைக்கும் குறிப்பு. பல பக்கம் வரும். நான் கடைசி வரியை மட்டும் பார்ப்பேன். 'முடிந்தது' என்று இருந்தால் போதும்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் ரங்கராஜன் சார். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிக்காரர். நெற்றியில் திருமண், முழுக்கைச் சட்டை, பையில் எப்போதும் ஒரு கிராஃப் நோட்டு. யாரையும் அதட்டியதில்லை. ஆனால் அவரிடம் 'மெதுவா இருக்கு சார்' என்று மட்டும் சொல்ல முடியாது. "மெதுன்னா எத்தனை நிமிஷம்? அளந்தேளா?" என்பார். அளக்கவில்லை என்றால் கோபிக்க மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நாம் போய் அளந்துகொண்டு வரும்வரை துடைத்துக்கொண்டே இருப்பார் என்று தோன்றும். டாக்டரோ துப்புரவுப் பணியாளரோ, எல்லோரிடமும் ஒரே பேச்சு, ஒரே மரியாதை. வருடத்தில் ஒரே ஒரு முறை நீண்ட லீவு எடுப்பார். மார்கழியில் வைகுண்ட ஏகாதசி உற்சவத்துக்கு. பெரிய கோயிலில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு கைங்கரியம் இருந்தது. அந்த நாட்களில் போன்கூடச் செய்யக் கூடாது என்பது எங்களுக்குள் எழுதாத விதி.

அந்த வருடம் ஐப்பசியிலேயே பேக்கப் இழுக்க ஆரம்பித்துவிட்டது. மூன்று மணி நேரத்தில் முடிந்தது நாலரை ஆனது. கார்த்திகையில் ஆறு. டேட்டா வளர்கிறது, அதனால் நேரம் கூடுகிறது என்று நான் நினைத்தேன். ஒரு மாதத்தில் டேட்டா இரண்டு மடங்கா ஆனது என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. யாரும் கேட்கவில்லை. டேப் மிஷின் பழசு, மாற்ற வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன்.

மார்கழி பிறந்து, சார் லீவில் போன இரண்டாம் நாள், பேக்கப் காலை எட்டரை வரை ஓடியது. ஏழரைக்கு ஓ.பி. ஆரம்பித்துவிடும். ஒரே சர்வர் பேக்கப்பும் எடுத்து, வெளிநோயாளிகளின் பதிவையும் பார்க்க வேண்டும். கவுண்டரில் ஒரு பெயரை அடித்தால் திரை வர ஐந்து நிமிடம். மருத்துவக் கண்காணிப்பாளர் டாக்டர் லூர்து மேரி இன்டர்காமில் கூப்பிட்டார்.

"ஸ்டெல்லா, கீழ வந்து நீங்களே பாருங்க. வயசானவங்கள்லாம் கால் கடுக்க நிக்கிறாங்க. எனக்கு உங்க டேப்பு, பேக்கப்பு எல்லாம் தெரியாது. நாளைக்கு இப்படி இருக்கக் கூடாது."

கீழே போய்ப் பார்த்தேன். வரிசை வாசல் தாண்டி, ஆட்டோ நிற்கிற இடம் வரை போயிருந்தது. ஒரு பெரியவர் தன் எக்ஸ்ரே கவரைத் தரையில் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

மேலே வந்து யோசித்தேன். எங்கள் டேட்டாபேஸ் பதினோரு கோப்புகளாகப் பிரிந்திருந்தது. பதினோராவது கோப்பில் பழைய வருடங்களின் பதிவுகள். அவை மாறப்போவதில்லை. மாறாததை எதற்குத் தினமும் நகல் எடுக்க வேண்டும்? ஒரு முறை தனியாக எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, தினசரி பேக்கப்பிலிருந்து அந்தக் கோப்பை விலக்கிவிட்டால் நேரம் குறையும். புத்தகத்திலும் இது உள்ள வழிதான். அன்று திங்கட்கிழமை. ஒன்றாம் டேப்பின் முறை. விலக்கினேன்.

மறுநாள் காலை லாகைப் பார்த்தால் இரண்டே கால் மணி நேரம். கவுண்டரில் திரை பட்டுப் பட்டென்று வந்தது. டாக்டர் லூர்து மேரி, "தேங்க்ஸ் ஸ்டெல்லா, காப்பாத்திட்டீங்க" என்றார். கவுண்டர் பெண்கள் ஒரு டப்பா பால்கோவா வாங்கி வந்து கொடுத்தார்கள். சாருக்குக் காட்ட வேண்டும் என்று லாகைப் பிரிண்ட் எடுத்து வைத்தேன்.

அந்தத் தனி நகல் என்ன ஆயிற்று? செவ்வாய்க்கிழமை பகலில் ஆரம்பித்தேன். அது ஊர்ந்தது. கவுண்டரில் மறுபடி திரை தாமதமாகவே பாதியில் நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஞாயிறு வீட்டில் கிறிஸ்துமஸ் வேலை. குடில் கட்டுவது, பலகாரம், தங்கை பிள்ளைகள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நினைத்தேன். அதன் பிறகு நினைக்கவே இல்லை.

இரண்டாம் வாரம் சனிக்கிழமை சார் வேலைக்குத் திரும்பினார். பிரசாதத்தை எல்லோர் மேஜையிலும் வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் லாகை நீட்டி, பதினோராவது கோப்பை விலக்கியதைச் சொன்னேன். எட்டரை வரை ஓடிய நாளையும் சேர்த்துப் பதிமூன்று நாட்களின் நேரத்தையும் கிராஃப் நோட்டில் புள்ளி வைத்துப் பார்த்தார்.

"வேகமாத்தான் ஆயிருக்கு. எப்படி வேகமாச்சுன்னு சொன்னேள். ஏன் மெதுவாச்சு?"

"டேப் மிஷின் பழசு சார். டேட்டாவும் பெருசு."

"அளந்தேளா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை.

"பழைய வருஷத்துக் கோப்பை விலக்கியிருக்கேளே, அதோட காப்பி எங்கே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "தனியா எடுக்கணும்னு இருந்தேன் சார். முடியலை. பழைய டேப்ல இருக்கும்" என்றேன். சொல்லும்போதே மனசுக்குள் விரல் விட்டு எண்ணினேன். திங்கட்கிழமை ஒன்றாம் டேப். நேற்று வெள்ளி, பன்னிரண்டு. பன்னிரண்டு டேப்பிலும் பதினோராவது கோப்பு இல்லாத பேக்கப், பழையதன் மேல் பதிவாகிவிட்டது. மிச்சம் இரண்டு.

"இன்னிக்கு எந்த டேப்புன்னு கேக்காதீங்க சார். பதிமூணு. காலையிலயே மிஷின்ல போட்டுட்டேன்" என்றேன்.

சார் எழுந்து சர்வர் அறைக்கு நடந்தார். பின்னாலேயே ஓடினேன். மிஷினிலிருந்து பதிமூன்றாம் டேப்பை வெளியே எடுத்தார். டேப்பின் ஓரத்தில் ஒரு சின்னத் தாழ் இருக்கும். அதைத் தள்ளிவிட்டால் அதன் மேல் எதுவும் பதிவாகாது. பதிமூன்றிலும் பதினான்கிலும் அதைத் தள்ளிவிட்டு இரண்டையும் தன் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அதன் பிறகுதான் உட்கார்ந்தார்.

"இப்ப அளக்கலாம். பேக்கப்னா என்னென்ன வேலை? சொல்லுங்கோ."

"டிஸ்க்லேர்ந்து படிக்கணும், சுருக்கணும், டேப்ல எழுதணும்."

"மூணுல எது நேரம் எடுக்கறது?"

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஓ.பி. கிடையாது. இரண்டு மணிக்கு ஆரம்பித்தோம். முதலில் எழுதுவதைச் சோதித்தோம். தயாராக இருந்த ஒரு பெரிய கோப்பை நேராகப் புது டேப் ஒன்றில் எழுதச் செய்து நேரம் பார்த்தோம். வாங்கிய அன்று இருந்த அதே வேகம். நான் மேலே அனுப்பிய குறிப்பு தப்பு என்று அப்போதே தெரிந்துவிட்டது. அடுத்து சுருக்கும் வேலை. அந்த நேரத்தில் சர்வரின் பிராசஸர் பாதிக்கு மேல் சும்மா இருந்தது. அதுவும் இல்லை. கடைசியாகப் படிப்பது. டிஸ்க்கிலிருந்து படி, படித்ததை எங்கேயும் எழுதாதே, தூக்கிப் போடு என்று கட்டளை கொடுத்தோம். கோப்பு கோப்பாக.

முதல் கோப்பு பன்னிரண்டு நிமிடம். இரண்டாவது பதிமூன்று. மூன்றாவது பன்னிரண்டு. சார் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். பத்து புள்ளிகளும் கோடு போட்ட மாதிரி ஒரே உயரத்தில் நின்றன. பதினோராவது கோப்பை ஆரம்பித்தோம். ஐம்பது நிமிடம் ஆகியும் பாதிகூடப் படித்து முடிக்கவில்லை. சீராக ஊரவும் இல்லை. கொஞ்ச தூரம் வேகமாகப் போகும், நின்றுவிடும், சில விநாடி கழித்து மறுபடி நகரும்.

"எழுந்திருங்கோ. டிஸ்க் பெட்டியைப் பார்க்கலாம்."

பெட்டியில் எட்டு டிஸ்க்குகள். எட்டிலும் பச்சை விளக்கு. ஒன்று செத்தால் மற்ற ஏழும் சேர்ந்து அதில் இருந்ததைத் திரும்பத் தந்துவிடும், சிவப்பு விளக்கு எரியும், நாம் மாற்றுவோம். சிவப்பு எரியாததால் யாரும் அந்தப் பக்கம் பார்த்ததில்லை. ஆனால் பெட்டிக்கு என்று தனியாக ஒரு லாக் உண்டு. அதை நான் ஒரு நாளும் திறந்ததில்லை. சார் திறந்தார். மூன்றாவது டிஸ்க், படிக்க முடியவில்லை, மறு முயற்சி. மூன்றாவது, மறு முயற்சி. ஆறாவது, மறு முயற்சி. பக்கம் பக்கமாக அதே வரிகள். ஐப்பசியிலிருந்து.

இரண்டு டிஸ்க்குகள் சாகாமல் தடுமாறிக்கொண்டிருந்தன. பல தடவை முயன்று, கடைசியில் எப்படியோ படித்துவிடுவதால் விளக்கு பச்சையாகவே இருந்தது. ஒன்று தடுமாறினால் மற்றவை ஈடுகொடுக்கும். ஒரே இடத்தில் இரண்டும் தடுமாறினால் ஈடுகொடுக்க எதுவும் இல்லை.

சார் மெதுவாகத்தான் சொன்னார். "பழைய வருஷத்து ரிப்போர்ட்டை யார் தினம் திறந்து பார்க்கறா? பேக்கப் ஒண்ணுதான் தினம் கடைசி வரைக்கும் படிச்சுண்டிருந்தது. அதையும் நாம படிக்காதேன்னுட்டோம்."

'நாம' என்றார். அவர் கோயிலில் இருந்த நாட்கள் அவை. அந்தச் சொல் எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது.

மறுநாள் ஞாயிறு. சர்ச் பூசைக்குப் போய்விட்டு நேராக ஆபீஸ் வந்தேன். வேறு ஒரு கம்ப்யூட்டரில் பதிமூன்றாம் டேப்பிலிருந்து பதினோராவது கோப்பைத் திரும்ப எடுத்தோம். வந்தது. ஆனால் முழுதாக இல்லை. நடுவில் ஒரு சின்னப் பகுதி வெற்றாக இருந்தது. பதினான்கிலும் அதே இடம் வெற்று. அந்த இரண்டு நாட்களின் பேக்கப் லாகை எடுத்து, முதல் முறையாக ஒவ்வொரு வரியாகப் படித்தேன். நடுவில் ஒரே ஒரு வரி. 'சில பகுதிகளைப் படிக்க இயலவில்லை, தாண்டிச் செல்கிறது.' பல வருடம் முன்பு நிறுவியவர் யாரோ, பிழை வந்தாலும் நிற்காதே என்று அமைத்துவிட்டுப் போயிருந்தார். கடைசி வரியில் வழக்கம்போல 'முடிந்தது'.

அதற்கு முந்தைய டேப்புகளில் அந்தப் பகுதி இருந்திருக்கும். நான் விலக்கிய அன்றே ஏன் மெதுவானது என்று கேட்டிருந்தால், மிச்சம் பன்னிரண்டு டேப்புகள் கையில் இருந்தன. பால்கோவா சாப்பிட்டுக்கொண்டு நாளுக்கு ஒன்றாக அழித்தேன்.

உயிரோடு இருந்த எல்லாவற்றையும் வேறு பெட்டிக்கு நகல் எடுத்த பிறகே பழைய டிஸ்க்குகளைத் தொட்டோம். அவற்றிலிருந்து இன்னும் கொஞ்சம் கிடைத்தது. கடைசிக் கணக்கில், ஒரு மழைக்காலத்தில் மூன்று நாட்களின் டிஸ்சார்ஜ் சம்மரிகள் போய்விட்டன. நாற்பத்தொரு பேர். பெயரும் முகவரியும் வேறு கோப்பில் இருந்ததால் யார் யார் என்று மட்டும் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை டாக்டர் லூர்து மேரியின் அறைக்குப் போனோம். சார் பேச ஆரம்பிக்குமுன் நான் சொல்லிவிட்டேன். டாக்டர் முழுதும் கேட்டார்.

"இந்த நாப்பத்தொரு பேர்ல இன்னிக்கு யாருக்காவது நம்ம கிட்ட வைத்தியம் நடக்குதா?"

பட்டியலைப் பார்த்தோம். ஒருவர், கைலாசபுரத்தில் மகனோடு இருக்கிற ஓய்வு பெற்ற வெல்டர், வருகிற புதன்கிழமை அறுவைச் சிகிச்சைக்கு வர வேண்டியவர்.

"அவரோட பழைய சம்மரி என் டேபிள்ல இருக்கணும், புதனுக்கு முன்னாடி. மத்ததை அப்புறம் பேசலாம்" என்றார்.

அடித்தளத்தில் காகித ஃபைல்களைக் காப்பவர் காதர் பாய். அவரிடம் பட்டியலைக் கொடுத்தேன். "அந்த மழையில கீழ தண்ணி வந்துச்சும்மா. இன்ஷா அல்லா, பாப்போம்" என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். மாலைக்குள் முப்பத்தெட்டு ஃபைல்களை எடுத்து வைத்துவிட்டார். மூன்று இல்லை. அந்த மூன்றில் ஒன்று வெல்டருடையது.

"யார் போறது?" என்றார் சார்.

"நான் போறேன் சார்."

செவ்வாய்க்கிழமை பஸ் பிடித்துக் கைலாசபுரம் போனேன். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி. இரண்டு முறை தப்பான கதவைத் தட்டினேன். சரியான வீட்டில் வெல்டரின் மனைவி வந்து திறந்தார். விஷயத்தைச் சொல்லி, பழைய காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். பீரோவிலிருந்து ஒரு பாலித்தீன் கவரை எடுத்து வந்தார். அதில் டிஸ்சார்ஜ் சம்மரி மடிப்புக் கலையாமல் இருந்தது. இரண்டாம் பக்கத்தில், ஒரு குறிப்பிட்ட மயக்க மருந்து கொடுத்ததும் ரத்த அழுத்தம் விழுந்து, மூச்சு நின்று, மீட்டார்கள் என்று எழுதி அடிக்கோடு இட்டிருந்தது.

"அந்த மருந்து அவருக்கு ஒத்துக்காதுங்க. அன்னைக்கு டாக்டரே சொன்னாரு, எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டோம், இனிமே பயமில்லன்னு. உங்ககிட்ட இருக்குமேம்மா?"

"இருந்துச்சும்மா. இப்ப இல்ல. நாங்க தொலைச்சுட்டோம்."

அந்த அம்மா என்னையே பார்த்தார். உட்காரச் சொன்னார். மோர் கொண்டு வந்து கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலாம் போல் இருந்தது. போகும்போது, "ஒரிஜினலைத் தர மாட்டேங்க. ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு இப்பவே கொண்டாந்து குடுத்துடுங்க" என்றார். கடைத்தெருவில் மூன்று பிரதி எடுத்து, அசலை அவர் கையில் திரும்பக் கொடுத்துவிட்டு வந்தேன். புதன்கிழமை வேறு மயக்க மருந்து கொடுத்தார்கள். அவர் நன்றாக வீடு திரும்பினார்.

ஃபைல் கிடைக்காத மூவரில் இரண்டாமவர் உறையூர்க்காரர். அவர் வீட்டிலும் காகிதம் இருந்தது. முப்பத்தெட்டு ஃபைல்களையும் காதர் பாய் வாசிக்க நானே தட்டச்சு செய்தேன். மூன்றாமவர் மகேஸ்வரி என்ற பெண். துவாக்குடியில் வாடகை வீட்டு முகவரி. போனபோது, "கட்டட வேலைக்கு வந்தவங்கங்க, எப்பவோ காலி பண்ணிட்டாங்க" என்றார் வீட்டுக்காரர். எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பதிவை வெற்றாக விடுவதா, நீக்குவதா என்று சாரிடம் கேட்டேன்.

"நடந்ததை எழுதுங்கோ" என்றார்.

'இவருடைய டிஸ்சார்ஜ் சம்மரி எங்கள் தவறால் தொலைந்துவிட்டது. தேடியும் கிடைக்கவில்லை. ஸ்டெல்லா, கம்ப்யூட்டர் பிரிவு' என்று எழுதினேன். சம்பவ அறிக்கையும் நான்தான் எழுதினேன். சார் அதில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. கீழே தன் கையெழுத்தைப் போட்டு, 'தினசரி லாகை முழுதாகப் படிக்கும் வழக்கத்தை நான் ஏற்படுத்தியிருக்க வேண்டும்' என்று சேர்த்தார். அவர் ஓய்வு பெறும்வரை இதைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தபோது கவுண்டரிலிருந்து போன். "மேடம், ஒரு பேஷன்ட்டோட பேரைப் போட்டா உங்க பேர் வருது."

கீழே போனேன். வெயிலில் கறுத்த முகம், கையில் துணிப்பை. மகேஸ்வரி.

"என்னங்க, எம்பேருக்கு நேரா உங்க பேரு வருதாம்?"

ஓரமாக உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அப்ப நான் எதுக்கு வந்து படுத்திருந்தேன்னு இங்க யாருக்குமே தெரியாதா?"

"தெரியாதும்மா. நீங்க சொல்லுங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். எழுதிக்கிறோம்."

மகப்பேறு டாக்டரின் அறையில் உட்கார்ந்து சொன்னார். எட்டாம் மாதம். மழை. பஸ் கிடைக்காமல் லாரியில் ஏறி வந்தது. குழந்தை வயிற்றிலேயே இறந்திருந்தது. டாக்டர் தனக்கு வேண்டியதைக் கேட்டுக் குறித்துக்கொண்டார், எனக்குச் சொன்னார், நான் ஏற்றினேன்.

"பொம்பளப் புள்ளைங்க. பேரு வெச்சிருந்தோம். கயல்விழி. அதையும் எழுதுவீங்களா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். எங்கள் டேட்டாபேஸில் அதற்குக் கட்டம் இல்லை. 'குறிப்பு' என்று ஒரு கட்டம் எல்லாப் பதிவிலும் இருக்கும். அதில் இருந்த என் வரிகளுக்குக் கீழே அந்தப் பெயரைத் தட்டச்சு செய்து, திரையைத் திருப்பி அவருக்குக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். சரி என்று தலையாட்டினார்.

அன்றைய பேக்கப்பில் அதுவும் சேர்ந்து போனது. மறுநாள் காலை லாகை முதல் வரியிலிருந்து படித்தேன். தாண்டிச் சென்ற பகுதி எதுவும் இல்லை.